பேச்சி ஒதுக்கி வைத்த மஞ்சள் கரு

"இன்னா மேடம், நம்ம பொயப்புல இப்படிக் கை வெச்சிட்டீங்களே!"

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம், ஹாஸ்டல் வாசலில் பஜ்ஜி வண்டி போடும் ஏழுமலை என்னை வழிமறித்து இப்படிக் கேட்டார்.

நான் பயந்துபோனேன். வண்டியை எடுக்கச் சொல்லி யாராவது மிரட்டினார்களா? நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைக்கிறாரா?

"அதெல்லாம் இல்ல மேடம். காலீல பொண்ணுங்களுக்கு இன்னாவோ போடறீங்களாமே? சாயங்காலம் ஒண்ணும் வண்டியாண்ட வர மாட்டேங்குது. வந்தாலும் ஒரே ஒரு மொளகா பஜ்ஜி... அத்தோட நடையக் கட்டுது. முன்னல்லாம் கம்பெனி பஸ் வந்து நின்னா எனக்குச் சட்டியில மாவு மிஞ்சாது, தெர்யுமா?"

சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா? இரண்டையும் கலந்து ஏதோ செய்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரகடம் பக்கம் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். எழுத்து பகுதி நேரம். முழு நேரமும் தண்ணீர் மோட்டார், பூட்டு, சாவி, சாப்பாடு. இங்கே இருக்கிற பெண்கள் எல்லோரும் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே முதல் ஷிஃப்ட் பஸ் வந்துவிடும். அதற்குள் குளித்து, சீருடை மாட்டி, தலையைப் பின்னி, சாப்பிட்டும் ஆக வேண்டும்.

என்ன சாப்பிட்டார்கள்? உப்புமா. மறுநாள் சேமியா. அதற்கு மறுநாள் பிரெட்டும் ஜாமும். ஞாயிற்றுக்கிழமை பொங்கல்.

நின்றுகொண்டே நாலு வாய். பஸ் ஹாரன் அடித்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓட்டம். கம்பெனி அசெம்ப்ளி லைனில் போய் நின்றால் கொஞ்ச நேரத்திலேயே வயிறு கூப்பிட ஆரம்பித்துவிடும். டீ பிரேக்கில் பிஸ்கட். மதியம் சாதத்தை மலையாகக் குவித்துக்கொள்வது. அப்புறம் லைனில் தூக்கம். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராக ஏழுமலை. பஜ்ஜியால் வயிறு நிறைந்துவிட்டால் இரவுச் சாப்பாடு வேண்டாம். இரவு சரியாகச் சாப்பிடாததால் காலையில் வாய்க்கசப்பு. அதனால் மறுபடி நாலு வாய்...

சக்கரம் புரிகிறதா?

எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே சொன்னார்: "காலையில புரோட்டீன் குடுத்துப் பாருங்க. உப்புமா, பிரெட் எல்லாம் சீக்கிரம் கரைஞ்சு போயிடும். கூட முட்டையோ, பயறோ, கடலையோ, தயிரோ இருந்தா வயிறு கொஞ்சம் நேரம் அமைதியா இருக்கும். மத்தியானமும் அளவா சாப்பிடுவாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன். ஆனா செஞ்சு பாருங்க."

ஓனரிடம் பேசினேன். முனகினார். பெண்கள் மயங்கி விழுந்தால் ஹாஸ்டல் பெயர்தான் கெடும் என்றேன். சம்மதித்தார்.

சில நாள் அவித்த முட்டை. சில நாள் பச்சைப்பயறு, அல்லது கொண்டைக்கடலை. முட்டை சாப்பிடாதவர்களுக்குத் தினமும் பயறுவகைதான். முதல் வாரம் ஒரே கலாட்டா. "காலங்காத்தால சுண்டலா? நவராத்திரியா மேடம்?" என்று ஒருத்தி. கேஸ் என்று இன்னொருத்தி. தாங்கள் முட்டையை முகத்துக்குப் போடுகிற ஜாதி, வாய்க்குப் போடுகிற ஜாதி இல்லை என்று மூன்றாவது ரூமே சேர்ந்து அறிவித்தது.

அப்புறம் மெதுவாக அடங்கியது. முட்டை தின்றவர்கள், பதினோரு மணிக்கு வரும் பசி இப்போது வருவதில்லை என்றார்கள். பயறு தின்றவர்களோ, மதிய மணி அடித்தும் பெரிதாகப் பசி இல்லை என்றார்கள். ஒரு பெண் தன் காசில் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கிக் கரைத்துக் குடித்தாள். அவளுக்கு மட்டும் பழையபடியே பசி. "குடிச்சது குடிச்ச மாதிரியே இல்ல மேடம். மென்னு தின்னாதான் தின்ன மாதிரி இருக்கு," என்றாள். இதற்கு விஞ்ஞானத்தில் என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. எனக்கும் அப்படித்தான்.

ஆக, திட்டம் வெற்றி. ஏழுமலையைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம்.

பேச்சியைத் தவிர.

பேச்சியம்மாளுக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். ப்ளஸ் டூ முடித்தவள். கணவன் வடநாட்டு லாரி ஓட்டுகிறான். அவன் வீட்டில் இருக்கும் நாளே அபூர்வம். தன்ஷிகா என்று மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையைத் தன் அக்கா மாரியிடம் விட்டுவிட்டு, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே வந்து சேர்ந்தவள். வந்து ஒரு வருஷம் நெருங்கிவிட்டது. அதிகம் பேச மாட்டாள். பேசினால் என்னை 'அக்கா' என்பாள். மற்றவர்களுக்கெல்லாம் நான் மேடம்.

ஒருநாள் அவளுடைய கம்பெனியிலிருந்து லைன் லீடர் போன் செய்தார்.

"மேடம், உங்க பேச்சியம்மா மறுபடி மெடிக்கல் ரூம்ல படுத்திருக்காங்க. தலை சுத்துதாம். நல்லா வேலை செய்யற பொண்ணு. ஆனா இப்படியே போனா கான்ட்ராக்ட் ரினியூவலுக்கு நான் பேச முடியாது. ஏதாவது சாப்பிட வையுங்க, ப்ளீஸ்."

சாப்பிட வைப்பதா? எல்லோருக்கும் போடுகிற முட்டையை அவளுக்கும்தானே போடுகிறோம்?

சமையல் கஸ்தூரியிடம் கேட்டேன். கஸ்தூரி இந்த ஊர்க்காரர். தொழிற்பேட்டை வருவதற்கு முன்பு இங்கே நெல் போட்ட குடும்பம். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அத்த ஏன் கேக்கற மேடம்! முட்டைய உரிக்குது, வெள்ளையக் கொஞ்சம் துன்னுது. மஞ்சளத் தனியா எடுத்துத் தட்டோரம் வெச்சினு பாத்துகினே கீது. ஹாரன் அடிச்சா ஓடிடுது. நான்தான் டெய்லி எடுத்துக் கொட்டறேன்."

மறுநாள் காலையில் என் டீயை எடுத்துக்கொண்டு போய் பேச்சிக்கு எதிரே உட்கார்ந்தேன். கஸ்தூரி சொன்னது அப்படியே நடந்தது. முட்டை பிளந்தது. மஞ்சள் கரு உடையாமல் முழுசாக வெளியே வந்தது. தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தது. வெள்ளையைப் பாதி தின்றாள். உப்புமாவைத் தொடவில்லை.

"மஞ்சக்கரு பிடிக்காதா பேச்சி?"

"பிடிக்கும்க்கா."

"அப்புறம் என்ன?"

மஞ்சள் கருவை விரலால் இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினாள்.

"கை தன்னால ஒதுக்கிருதுக்கா."

"புரியல..."

"எம்பிள்ளைக்கு மஞ்சக்கரு மட்டுந்தான் எறங்கும். வெள்ளையக் குடுத்தா துப்பிருவா. அவ சோறு திங்க ஆரம்பிச்ச நாள்லருந்து, ஒரு முட்ட அவிச்சா மஞ்ச அவளுக்கு, வெள்ள எனக்கு. அப்படியே பழகிட்டு. இங்க வந்து உரிச்சாலும் கை தன்னால தனியா எடுத்து வைக்குது. வச்ச பொறவு எப்பிடிக்கா அத எடுத்து வாயில போட? அவ பங்குல்லா அது. அதப் பாத்துக்கிட்டு உப்புமாவும் எறங்க மாட்டேங்கு."

ஹாரன் அடித்தது. தலையைக் குனிந்தபடி எழுந்து போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

அவளுக்கு அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு குழந்தை. அந்தக் குழந்தையின் பங்கு, தினமும் காலையில் இங்கே ஒரு ஸ்டீல் தட்டின் ஓரத்தில். எந்த புரோட்டீன் கணக்கில் இதைச் சேர்ப்பது?

கஸ்தூரியிடம் விஷயத்தைச் சொன்னேன். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த முட்டை நாளில் பேச்சியின் தட்டில் மட்டும் அவித்த முட்டை இல்லை. வெங்காயமும் மிளகும் போட்டு, நன்றாக அடித்து ஊற்றிய ஆம்லெட்.

"இப்ப எத்த ஒதுக்குவ? ஒதுக்கு பாப்போம்!" என்று இடுப்பில் கை வைத்து நின்றார் கஸ்தூரி.

பேச்சி ஆம்லெட்டைப் புரட்டிப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே திரும்பியதோ, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் தின்றாள். முழுசும் தின்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு முட்டை என்றால் ஆம்லெட், இல்லாவிட்டால் பொடிமாஸ். மற்ற நாளில் பயறு. மயக்கம் நின்றது. மெடிக்கல் ரூமிலிருந்து போன் வருவது நின்றது. சாயங்காலம் ஏழுமலையிடம் தட்டு நிறைய வாங்கி, சூடு ஆறுவதற்குள் விழுங்கிக்கொண்டிருந்தவள், வண்டியைத் தாண்டி நடந்துவர ஆரம்பித்தாள். கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை தெரிந்தது.

இத்துடன் இந்தக் கட்டுரையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆரோக்கியப் பக்கத்தில் போட்டுவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் பேச்சி. "இப்ப எப்படி இருக்கு? பதினோரு மணிக்குப் பசிக்குதா?" என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன், ஒளிப்பானேன்?

"பசி இல்லக்கா," என்றாள். அப்புறம் ஒரு சட்டையை உதறி மாட்டிவிட்டுச் சொன்னாள்: "பசி இருந்தாலே நல்லா இருந்திருக்கும்."

"என்ன இப்படிச் சொல்ற?"

"முன்னால எல்லாம் லைன்ல நின்னா பசிக்கும். எப்ப டீ பிரேக் வரும், எப்ப பிஸ்கட் தருவாவன்னு மனசு அதுலயே கெடக்கும். பொழுது ஓடிரும். இப்ப வயிறு சத்தமில்லாம இருக்கு. கை பாட்டுக்கு வேலை பாக்குது. மனசுக்கு ஒரு சோலியும் இல்லக்கா. பிள்ள நெனப்பு வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிடுது. எந்திச்சே போவ மாட்டேங்கு."

வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து நீட்டினேன்.

"வீடியோ கால்ல அவ எங்கக்காவ 'அம்மா'ங்கா. என்னைய 'பேச்சிம்மா'ங்கா," என்று சிரித்தாள். துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தாள்.

பசி என்பது ஒரு காவல்காரன் போலிருக்கிறது. அது வாசலில் கத்திக்கொண்டு நிற்கிறவரை வேறு யாரும் உள்ளே வர முடியாது. அதைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டால், அத்தனை நாளும் வெளியே காத்துக்கொண்டிருந்த ஒன்று மெதுவாக உள்ளே நுழைந்துவிடுகிறது. டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். "இது என் டிபார்ட்மென்ட் இல்லைங்க," என்றார். அவருக்கும் மகன் கனடாவில்.

குழந்தையை இங்கேயே கூட்டிவந்துவிடுவது என்று பேச்சி முடிவு செய்தாள். ஹாஸ்டலில் குழந்தை கூடாது. ஓனரிடம் கேட்டுப் பார்த்தேன், ரூல் ரூல்தான் என்றுவிட்டார். மறுபடியும் கஸ்தூரிதான்.

"எங்க வூட்டாண்ட பின்னால ஒரு ரூம் சும்மாதான் கீது. பெரியவன் தனியா போனதுலேர்ந்து பூட்டிக் கெடக்குது. வந்து இருக்கட்டும். பால்வாடி நாலு வூடு தள்ளி. அது டூட்டிக்குப் போற நேரத்துல எம்மருமவ பாத்துக்குவா. புள்ளைய வெச்சிகினு சோறு துன்னட்டும் மேடம், பாவம்."

"உங்க அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்று பேச்சியிடம் கேட்டேன்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னா. சரின்னுட்டு போன வச்சிட்டா." நிறுத்தினாள். "எப்பமும் அவ மொதல்ல வைக்க மாட்டாக்கா."

மாரிக்குக் குழந்தை இல்லை என்பது அப்போதுதான் பேச்சி சொல்லி எனக்குத் தெரிந்தது.

சென்னைக்கு வரும் தென்மாவட்ட பஸ்கள் சிங்கப்பெருமாள் கோயிலில் நிற்கும். குழந்தையோடு வரும் மாரியை அங்கே போய் அழைத்துக்கொண்டு ஒரகடம் ரோட்டில் திரும்பிவிடலாம். ஒரு ஆட்டோவில் நானும் பேச்சியும் விடியும்போதே போய் நின்றோம். பேச்சி முந்தின நாளே வாங்கிய பூவைத் தலையில் வைத்திருந்தாள். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் இரண்டு அடி முன்னால் போவாள், திரும்பி வருவாள்.

மாரி இறங்கினாள். பேச்சியைவிட ஒல்லி. தோளில் குழந்தை தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சி இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை கண்ணைத் திறந்து ஒரு முறை பார்த்தது. பிறகு முகத்தை மாரியின் கழுத்தில் புதைத்துக்கொண்டது.

"பேச்சிம்மாடி... போன்ல பேசுவியே... போடி, போ," என்றாள் மாரி.

குழந்தையின் பிடி இறுகியது. நீட்டிய கைகளைப் பேச்சி மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

"தூங்கட்டும்க்கா. எழுப்பாத," என்று பையை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோவில் நான் நடுவில் உட்காரவில்லை. அக்காவும் தங்கையும் ஒட்டி உட்கார்ந்தார்கள். வழி முழுக்கக் குழந்தையின் ஒரு கால் பேச்சியின் மடியில் கிடந்தது. அவள் அதை அசைக்கக்கூட இல்லை.

கஸ்தூரி வீட்டுப் பின்னறையில் பேச்சியோடு மாரி ஒரு வாரம் தங்கினாள். முதல் சில நாட்கள் தன்ஷிகா மாரியின் கையால் மட்டும்தான் சாப்பிட்டாள். பேச்சி ஷிஃப்ட் முடிந்து வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கிட்டே போனால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். பேச்சி வற்புறுத்தவில்லை.

அப்புறம் ஒருநாள் காலை நடந்ததை கஸ்தூரிதான் எனக்குச் சொன்னார். அன்றைக்கு பேச்சிக்கு வார லீவு. குழந்தைக்குப் பயறு தோசையைப் பிய்த்து வாயில் வைக்கப்போன மாரி, திடீரென்று கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"நான் குளிச்சிட்டு வாரேன். நீ குடு," என்று தட்டைப் பேச்சியிடம் தள்ளிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழந்தை அழுதது. கதவைப் பார்த்து 'அம்மா, அம்மா' என்றது. பேச்சி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். அழுகை தேய்ந்தது. பசி இருந்திருக்கும். கடைசியில் வாய் திறந்தது. ஒரு துண்டு. இன்னொரு துண்டு.

"அந்தப் பொண்ணு குளிக்கவே இல்ல மேடம்," என்றார் கஸ்தூரி. "கொயா தொறந்து வுட்ட சத்தம்தான் கேக்குது. தண்ணி மொண்டு ஊத்தற சத்தமே இல்ல. ரொம்ப நேரம் கயிச்சி வெளிய வந்துச்சி. மூஞ்சி மட்டும்தான் நனைஞ்சிருந்துது. புள்ள பாதி தோச துன்னுட்டுதான்னு கேட்டுச்சி. துன்னுட்டுதுன்னேன். 'அப்பிடியா'ன்னுட்டு ஒக்காந்துச்சி. அன்னிக்கிப் பூரா அது ஒண்ணும் துன்னல."

குழந்தை பால்வாடிக்குப் போயிருந்த ஒரு நேரம் பார்த்து மாரி கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட நான் போனேன். சாப்பிட்டாளா என்று கேட்டேன். பசிக்கவில்லை என்றாள். கஸ்தூரி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"மத்தியானம் தூங்கி எந்திச்சா கொஞ்ச நேரம் அழுவா. பசிக்குன்னு நெனச்சி எதையும் குடுத்துராதிய. சும்மா மடியில வச்சிருந்தாப் போதும். பேச்சிட்ட சொல்லுங்க. அவட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

சொன்னேன். பேச்சி கேட்டுக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாளாகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியின் அறைக்குப் போயிருந்தேன். தன்ஷிகா தரையில் உட்கார்ந்து பாத்திர மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதும் தள்ளிவிடுவதும்தான் விளையாட்டு. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நடுவில் எழுந்து போய்ப் பேச்சியின் முதுகில் சாய்ந்துகொண்டாள். பேச்சி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை.

மாரியிடமிருந்து போன் வந்தது. பேச்சி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ள என்ன செய்யுதா? குடு, பேசட்டும்."

"அம்மா பேசுதா, வாடி," என்று கூப்பிட்டாள் பேச்சி. அக்காவை அவளும் 'அம்மா' என்றே குழந்தையிடம் சொல்கிறாள். அதை நான் கவனித்தேன். குழந்தை தலையை ஆட்டியது. மூடிகள்தான் முக்கியம்.

"வெளையாடுதாக்கா. வர மாட்டேங்கா."

"வெளையாடட்டும், வெளையாடட்டும். கூப்பிடாத."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. வைக்கவும் இல்லை. பேச்சி போனைக் குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு எனக்கு டீ போட எழுந்தாள். மூடிகள் விழும் சத்தம். குழந்தை தனக்குத் தானே ஏதோ முணுமுணுக்கும் சத்தம். போனிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கட்டாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டீ கொதிக்கிற வரை அப்படியே. பிறகு, அங்கே சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, ரொம்பத் தணிந்த குரலில்:

"ஏளா பேச்சி... பிள்ள மூக்க உறிஞ்சுதா. நெத்தியத் தொட்டுப் பாரு."

பேச்சி ஓடிவந்து தொட்டாள். நானும் தொட்டுப் பார்த்தேன்.

ஆமாம். லேசாகச் சுட்டது.